அர்ஃபஜ் செடிக்குச் சாமந்தி வைத்தியர்

சாமந்திப் பூவும் அர்ஃபஜ் என்கிற பாலைவனப் பூவும் ஒரே குடும்பம். இந்த ஒரே காரணத்துக்காக என்னை விமானத்தில் ஏற்றிக் குவைத்துக்குக் கொண்டுபோனார்கள். திருடன் அகப்படவில்லை என்றால் அவனுடைய சித்தப்பா மகனைப் பிடித்துவந்து உட்காரவைப்பார்கள் அல்லவா, ஏறக்குறைய அதுதான்.

தோட்டக்கலைத் துறையில் எனக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அதில் முக்கால்வாசி ராயக்கோட்டைப் பக்கம் சாமந்தி வயல்களில் போனது. என்னிடம் பயிற்சிக்கு வந்த ரவிச்சந்திரன் என்பவன் குவைத்தில் தோட்டம் போட்டுத் தரும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தான். அங்கே ஒரு பெரிய பணக்காரர், தன் வயதான தகப்பனாருக்காக, பண்ணை வீட்டின் முன்னால் தேசியப் பூவைக் கொண்டு ஒரு தோட்டம் கேட்டிருந்தார். தேசியப் பூதான் அர்ஃபஜ். கம்பெனியும் சரியென்று முந்நூறு செடி நட்டது. திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது செடிகள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன. ரவி தன் மேனேஜரிடம், "எங்க சார் ஒருத்தர் இருக்காரு. அந்தக் குடும்பத்தையே கரைச்சுக் குடிச்சவரு" என்று சொல்லிவிட்டான்.

நான் மறுத்திருக்கலாம். அர்ஃபஜை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ஓசியில் வெளிநாடு என்று வரும்போது மனசாட்சி கொஞ்சம் தூங்கத்தான் செய்கிறது. ரவி அனுப்பிய இரண்டு பக்கக் குறிப்பை விமானத்தில் படித்தேன். முழங்காலுக்குச் சற்று மேல் உயரும் புதர், சாம்பல் நிறக் குச்சிகள், சட்டைப் பொத்தான் அளவில் மஞ்சள் பூக்கள், வசந்தத்தில் பூத்துக் கோடையில் காய்ந்துபோகும். இரண்டாவது பக்கத்துக்குப் போகவிடாமல் பிரியாணி வந்துவிட்டது.

குவைத் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். உள்ளே நான்கு கிலோ வேப்பம் புண்ணாக்கு இருந்தது. வைத்தியர் வெறுங்கையோடு போகக் கூடாது என்று எடுத்துவந்தது. அவர் ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோனார். "மருந்தா, சாப்பாடா?" என்று கேட்டார். செடிக்குச் சாப்பாடு என்றேன். "இதைத் தின்றால் செடி உயிரோடு இருக்குமா?" என்றார். அந்த வாரம் முழுவதும் யாரும் என்னிடம் கேட்காத நல்ல கேள்வி அது. புண்ணாக்கைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

ரவி என்னை ஃபர்வானியா என்ற பகுதியில் இருந்த தன் அறைக்கு அழைத்துப்போனான். இறங்கி நடந்தால் முதல் கடையில் திருநெல்வேலி, இரண்டாவது கடையில் மலப்புறம், மூன்றாவதில் ஹைதராபாத். குவைத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். "இதுதான் சார் குவைத்" என்றான். மலையாளி மெஸ்ஸில் சோறும் மத்திக் குழம்பும் சாப்பிட்டோம். பக்கத்து மேஜையில் ஒருவர் செல்போனில் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இங்க ஒண்ணும் சாப்பாடு சரியில்லம்மா, இளைச்சுப் போயிட்டேன்." அவர் எதிரில் நாலு மீன் முள் இருந்தது.

மறுநாள் காலையில் சைட்டுக்குக் கிளம்பினோம். கம்பெனி பஸ் பாதியில் நின்றுவிட்டதால் பதினோரு பேர் ஒரு பிக்கப்பில் மாறினோம். நான் நிபுணர் என்பதால் எனக்கு முன் சீட்டில் பாதி கிடைத்தது. மீதிப் பாதியில் ஒரு உரமூட்டை உட்கார்ந்திருந்தது. பக்கத்து நாட்டில் சண்டை முடிந்துவிட்டதாகச் சொல்லப்பட்டு, முடியாமலே இருந்த வருஷங்கள் அவை. ராணுவ லாரிகள் வரிசையாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. பெஷாவர்க்கார டிரைவர் எனக்காக உருதுவில் விளக்கம் சொன்னார்: "அவர்கள் பூகம்பம் செய்யப் போகிறார்கள், நாம் பூ நடப் போகிறோம். இரண்டு பேருக்கும் ஓவர்டைம் கிடையாது."

தோட்டம் பார்க்க அழகாகத்தான் இருந்தது, செடிகளைத் தவிர. வெள்ளைக் கல் பாதை, நடுவில் பித்தளைப் பலகை, அதில் அரபியிலும் ஆங்கிலத்திலும் அர்ஃபஜ் என்ற பெயர். பலகைக்கு இரண்டு பக்கமும் முந்நூறு செடிகள் தலை தொங்கி நின்றன. ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன். வேர் கருத்து, அழுகி, கையோடு வந்தது. மண்ணைக் கிள்ளினேன். ஈரத்தில் நம் ஊர் நடவு வயல் தோற்றது.

"யாருப்பா தண்ணி பாய்ச்சுறது?"

சேவுகன் முன்னால் வந்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிவகங்கைப் பக்கத்துக்காரன், இந்தத் தோட்டத்தின் ஒரே தோட்டக்காரன். சொட்டு நீர்க் குழாய் ஏற்கெனவே ஓடுகிறது. அது போதாதென்று இவன் காலையும் மாலையும் ஓஸ் பிடித்து ஊற்றியிருக்கிறான்.

"இது பாலைவனச் செடி சேவுகா. ஊத்துனா அழுகிடும்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எங்க ஊர்ல வச்சதெல்லாம் தண்ணி இல்லாமத்தான் சார் செத்துச்சு. மொளகாய், கடலை, எல்லாம். இங்கதான் தொறந்தா வருதே, இதையாச்சும் காப்பாத்துவோம்னு ஊத்துனேன்."

எனக்கு அவனைத் திட்டவேண்டும் என்று இருந்தது. ஆனால் தண்ணீர் இல்லாத ஊர்க்காரன் கையில் குழாயைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான் என்று யாரும் யோசிக்கவில்லை. நானாக இருந்தாலும் ஊற்றியிருப்பேன், கூடவே வேப்பம் புண்ணாக்கும் வைத்திருப்பேன்.

திரும்பும் வழியில் ரவி விஷயத்தைச் சொன்னான். சேவுகனுக்கு ஒரே மகள். வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். ஊருக்குப் போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. திறப்பு விழாவில் தோட்டம் பூத்து நின்றால் அறுபது நாள் லீவு, இல்லையென்றால் லீவு கிடையாது என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில். "அவன் பொண்ணு கல்யாணம் இப்ப உங்க கையிலதான் சார் இருக்கு" என்றான் ரவி. 

புதன்கிழமை, காட்டில் அர்ஃபஜ் எப்படி வாழ்கிறது என்று பார்க்க நானும் ரவியும் பாலைவனத்துக்குப் போனோம். நான் கற்பனை செய்திருந்தது மஞ்சள் கம்பளம். கண்டது பழைய டயர், கூடாரம் அடித்த இடத்துக் கரி, கோழிக் கால் எலும்பு, பிளாஸ்டிக் தட்டு. குளிர்காலம் முழுவதும் ஊரே இங்கே கூடாரம் போட்டுச் சோறு பொங்கித் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. நம் ஊரில் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ஆற்றங்கரை இருக்கிற லட்சணம்தான். குப்பை போடும் விஷயத்தில் உலகம் ஒரே குடும்பம் என்று தெரிந்துகொண்டேன்.

அரைமணி நேரத்தில் வண்டி மணலில் புதைந்தது. ரவி ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. ஒட்டகம் மேய்க்கும் சூடான்காரர் ஒருவர் நிதானமாக வந்து, நான்கு டயரிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டு, "யல்லா" என்றார். வண்டி வெளியே வந்துவிட்டது. காற்று குறைந்தால்தான் மணலில் ஓடுமாம். தண்ணீர் குறைந்தால்தான் பிழைக்கும் செடி மாதிரி.

அவரிடம் அர்ஃபஜ் எங்கே என்று ரவி அரபியில் கேட்டான். அவர் தன் ஒட்டகத்தின் வாயைக் காட்டினார். உதட்டோரம் ஒரு சாம்பல் குச்சி ஆடிக்கொண்டிருந்தது. "இதுகளுக்கு அது பிரியாணி" என்றாராம். அவர் காட்டிய இடத்தில் மொட்டைத் தூர்கள் இருந்தன. நான் மண்டியிட்டு ஒரு தூரைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு நாட்டின் தேசியப் பூவை நான் முதன்முதலில் சந்தித்தது தலை போய்க் கால் மட்டும் மிஞ்சிய நிலையில்தான். அவர் தன் சுலைமானியில், அதாவது பாலில்லாத டீயில், எங்களுக்குப் பங்கு கொடுத்தார். அந்தப் பயணத்தில் நான் குடித்த நல்ல டீ அதுதான்.

வியாழக்கிழமை மேனேஜர் மல்ஹோத்ராவைப் பார்த்தேன். சுவரில் பூந்தோட்டப் படங்கள், மேஜையில் பிளாஸ்டிக் ரோஜா. செடிகளைக் காப்பாற்ற முடியாது, நாளைக்குள் கடவுளாலும் முடியாது என்று சொன்னேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "சார், சாமந்தியும் அர்ஃபஜும் ஒரே குடும்பம் என்று ரவி சொன்னானே?"

"ஆமாம்."

"பூ மஞ்சள்தானே?"

"ஆமாம்."

"அப்புறம் என்ன? குடும்பத்தில் ஒருவர் வர முடியாவிட்டால் இன்னொருவர் வருவது வழக்கம்தான்."

மத்தியானத்துக்குள் நானூறு தொட்டிச் சாமந்தி வந்து இறங்கிவிட்டது. எங்கிருந்தோ விமானத்தில் வந்தவை. சின்னப் பூ, நல்ல மஞ்சள். குறை சொல்ல முடியாத சரக்கு. ஒரு செடியின் பெயரில் ஓர் எழுத்து தப்பாக எழுதியதற்காக நான் பயிற்சியாளர்களை வெளியே நிற்கவைத்திருக்கிறேன். அதே நான் அர்ஃபஜ் என்ற பித்தளைப் பலகைக்கு இரண்டு பக்கமும் சாமந்தியை எத்தனை அங்குல இடைவெளியில் புதைக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் சேவுகன் ஒவ்வொரு தொட்டியையும் குழந்தையை இறக்கிவிடுவது போல இறக்கிக்கொண்டிருந்தான், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

வேலை முடிந்ததும், "ரூமுக்கு வாங்க சார், ஒரு வாய் டீ" என்று கூப்பிட்டான். பம்ப் செட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதுதான் ரூம். குபூஸ் ரொட்டியைக் கல்லில் சுடவைத்து, ஊரிலிருந்து வந்த தொண்டிக் கருவாட்டுத் தொக்கைத் தடவிச் சுருட்டிக் கொடுத்தான். அரபு நாடும் தொண்டியும் ஒரே வாயில் போனது. கை கழுவப் பின்பக்கம் போனேன். வேலியோரம் பத்தடி அகலத்தில் துப்புரவாக்காத மண். அதில் ஐந்தாறு சாம்பல் நிறப் புதர்கள். புதர்களின் மேல் இரண்டு பனியன், ஒரு கைலி, ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தன. துண்டை விலக்கினேன். குச்சி தெரியாமல் பொத்தான் பொத்தானாக மஞ்சள் பூ.

 பாலைவனத்தில் தேடியும் பூவாகக் கிடைக்காதது கொல்லைப்புறத்தில் பனியன் காயப் போடும் கொடியாக இருக்கிறது.

"சேவுகா, இது என்னன்னு தெரியுமா?"

"களைதானே சார்." அவன் முகம் வெளுத்துவிட்டது. "மொதல்ல வந்தப்ப இந்த எடம் பூரா இதுதான். எல்லாத்தையும் புடுங்கி கிளீன் பண்ணச் சொன்னாரு ஃபோர்மேன். நான்தான் துணி காயப்போட ஆகும்னு இதை மட்டும் விட்டுட்டேன். சொல்லிப்புடாதீங்க சார். சொன்ன வேலையச் செய்யலன்னு லீவை கலாஸ் பண்ணிருவாங்க."

ஆக, கம்பெனி முதலில் அங்கே தானாக வளர்ந்திருந்த அர்ஃபஜையெல்லாம் களையென்று பிடுங்கி எறிந்திருக்கிறது. பிறகு அதே இடத்தில் அர்ஃபஜ் நட்டிருக்கிறது. பிறகு அது ஏன் வளரவில்லை என்று பார்க்க ராயக்கோட்டையிலிருந்து என்னை வரவழைத்திருக்கிறது. சிரிப்பு வந்தது. சேவுகன் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து விருந்தாளிகள் வந்தார்கள். வறுத்த ஆட்டிறைச்சி புதைத்த மச்பூஸ் சோறு, வண்டிச் சக்கரம் அளவுத் தட்டுகளில் காத்திருந்தது. பணக்காரரின் தகப்பனாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்தார்கள். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். சிறுவயதில் இதே மண்ணில் ஆடு மேய்த்தவராம். ரிப்பன் வெட்டினார்கள், கைதட்டினார்கள். மல்ஹோத்ரா நானூறு சாமந்தியையும் தானே பெற்றவர் போல நின்றார்.

பெரியவர் குனிந்து ஒரு பூவைக் கிள்ளினார். முகர்ந்தார். மகனிடம் ஏதோ கேட்டார். ரவி என் காதில் மொழிபெயர்த்தான்: "பூ நல்லா இருக்கு, இதுக்குப் பேர் என்னன்னு கேக்குறாரு சார்."

மகன், "அர்ஃபஜ், அப்பா" என்றார்.

பெரியவர் பூவை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மெதுவாகச் சொன்னார். ரவி தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கண்ணுதான் மங்கிப்போச்சு, மூக்கு இன்னும் இருக்குங்கிறாரு. அர்ஃபஜ் வாசனை வருதாம். ஆனா இங்கேருந்து இல்லையாம்." பெரியவர் கைத்தடியைத் தூக்கிப் பம்ப் செட்டைக் காட்டினார்.

கல் பாதை முடிந்ததும் நாற்காலிச் சக்கரம் மணலில் புதைந்தது. சேவுகனும் டிரைவரும் நாற்காலியோடு தூக்கினார்கள். சொல்லிவிட்டீர்களா என்பதுபோலச் சேவுகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். தகரக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு மொத்தக் கூட்டமும் பின்னால் வந்தது. புதர்மேல் அன்றும் துவைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் ஈரப் பனியனை எடுத்து மகனிடம் நீட்டினார். இஸ்திரி கலையாத வெள்ளை அங்கியில் நின்ற மகன், அந்தப் பனியனை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் பூக்களுக்குள் முகத்தை வைத்தார். குளிர்காலத்தில் அம்மா இதை எரித்துத்தான் ரொட்டி சுடுவாள், அவள் துணியெல்லாம் இந்தப் புகைதான் என்று சொன்னாராம். ரவிக்கு அதற்குமேல் மொழிபெயர்க்க வரவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை.  அந்தக் கூட்டத்தில் அந்தப் பூவை உண்மையிலேயே தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"யார் வளர்த்தது?" என்று கேட்டார் பெரியவர்.

மல்ஹோத்ராவுக்குத் தெய்வம் நேரில் வந்த மாதிரி. சேவுகன் தோளில் கை போட்டு இழுத்து முன்னால் நிறுத்தினார். "எங்கள் சிறந்த தோட்டக்காரன். ரகசியமாக, தனியாக வளர்த்தான்." களை பிடுங்காத குற்றவாளி அரை நிமிஷத்தில் விஞ்ஞானி ஆகிவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். மகன், ஒரு கையில் பனியனோடு, மறுகையால் ஒரு பேரீச்சம்பழப் பெட்டியை எடுத்துச் சேவுகனிடம் கொடுத்து, மல்ஹோத்ராவிடம் சொன்னார்: "இந்த ஆள் இந்தச் செடியை விட்டு எங்கேயும் போகக் கூடாது."

"நிச்சயமாக. லீவை ரத்து செய்துவிட்டோம்" என்றார் மல்ஹோத்ரா. "நாளையிலிருந்து இதற்கும் சொட்டு நீர்."

சேவுகனுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், ஆனால் லீவு என்ற வார்த்தை நன்றாகவே தெரியும். அவன் பேரீச்சம்பழப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லோரும் மச்பூஸ் சாப்பிடப் போய்விட்டார்கள். "நல்லா வளத்தா லீவு மாஃபியா சார்?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்று சொல்கிற 'மாஃபி' என்ற அரபிச் சொல்லில் இவ்வளவு துக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்று அந்த ஆட்டிறைச்சியை நான் தொடவில்லை. இதைச் சொன்னால் என் மனைவி நம்பமாட்டாள்.

சனிக்கிழமை காலை மல்ஹோத்ரா, பண்ணைக்காரரிடம் கொடுக்க நிபுணர் அறிக்கை ஒன்று கேட்டார். அரசாங்க வேலையில் நான் உருப்படியாகக் கற்றது அறிக்கை எழுதுவது. எழுதிக் கொடுத்தேன். அர்ஃபஜுக்குத் தண்ணீர் விஷம். கோடையில் இலை உதிர்ந்து செத்தது போலத் தெரியும், அப்போதும் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. இதுவரை எல்லாம் உண்மை. அடுத்த பத்தியில், முந்நூறு செடிகள் அழுகியதற்கு முழுக் காரணம் தோட்டக்காரர் சேவுகனின் கை என்றும், அவர் பழக்கத்தை விடமாட்டார் என்றும், அவர் அருகில் இருக்கும்வரை எஞ்சிய ஐந்தாறு புதர்களுக்கும் ஆபத்து என்றும், ஆகவே பூப்பு முடிந்து செடி உறங்கும் அறுபது நாட்களுக்கு அவரைச் செடியிலிருந்து இயன்றவரை தொலைவில், கடல் தாண்டியிருந்தால் உத்தமம், வைக்குமாறும், மழைக்காலத்துக்கு முன் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறும் பரிந்துரைத்தேன்.

மல்ஹோத்ரா இரண்டு முறை படித்தார். "அவ்வளவு மோசமான கையா?"

"பாத்தியில் பாருங்கள்" என்றேன். சாமந்திக்கு அடியில் முந்நூறு சாட்சிகள் கிடந்தன.

அவர் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தார்.

கொட்டகைக்குப் போய் ரவி அறிக்கையைத் தமிழில் படித்துக் காட்டினான். சேவுகன் குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாலு தலைமொறையா வெவசாயம் சார்" என்றான். "கை ஆகாதுன்னு எழுதிட்டீங்க."  பிறகு அவனே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல சார், புள்ள கல்யாணத்துக்கு மேலயா" என்று பெட்டியைத் தேட ஆரம்பித்தான்.

வைகாசிக் கடைசியில் சிவகங்கைக்குப் போனேன். தாலி கட்டி முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பெண் கழுத்தில் மஞ்சள் சாமந்தி மாலை. சேவுகன் என்னைச் சம்பந்தியிடம் அறிமுகப்படுத்தினான்: "இந்த சார்தான் எனக்குக் கை ஆகாதுன்னு எழுதிக் கொடுத்து ஊருக்கு அனுப்புனாரு." சம்பந்தி கும்பிடுவதா முறைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார்.

இலையில் கூட்டு விழும்போது ரவியிடமிருந்து போன் வந்தது. "சார், செடி மொத்தமா காஞ்சு குச்சியாயிடுச்சு. மேனேஜர் பயப்படுறாரு. சேவுகனை உடனே வரச் சொல்லலாமான்னு கேக்குறாரு."

"அறுபது நாள் முடியல. வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பாயச வாளியோடு நின்ற சேவுகன் கேட்டுக்கொண்டிருந்தான். "தண்ணி ஊத்துறாங்களா சார்?"

"ஊத்தலையாம்."

"அப்பப் பொழைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த இலைக்குப் பாயசம் ஊற்றப் போனான்.